ஏற்காடு விடுதித் தளத்தில் பக்கக் கேஷ்: ஒருவர் விவரம் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது, எங்கே பிசகினேன்?

அடிவாரம் | வெள்ளி, இரவு 10.15

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு சின்னச் சின்னத் தளங்கள் செய்து கொடுக்கிறேன். ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு வேர்ட்பிரஸில் தளம் கட்டியிருக்கிறேன். அறை முன்பதிவு உண்டு. தோட்டத்துக் காபித்தூளும் மிளகும் வூகாமர்ஸ் என்ற கடைப் பிளகின் (துணை நிரல்) வழியாக விற்கிறார்கள். இரண்டு ஜிபி விபிஎஸ் (வாடகை சர்வர்), பக்கங்களை அனுப்ப என்ஜினெக்ஸ், அவற்றை உருவாக்க பிஎச்பி.

கோடை விழா நெருங்கினால் கூட்டம் ஏறும், தளம் படுத்துவிடும். முதல் பைட் வரவே மூன்று நான்கு விநாடி. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் வழி பார்க்கத் தளத்தைத் திறப்பவருக்கு வெள்ளைத் திரைதான்.

அதனால் போன வாரம் என்ஜினெக்ஸிலேயே ஃபாஸ்ட்சிஜிஐ கேஷ் போட்டேன், அதாவது பிஎச்பி உருவாக்கிய பக்கத்தின் நகலைச் சேமித்து, அடுத்துக் கேட்பவருக்கு அதையே கொடுப்பது. பத்து நிமிட ஆயுள். முதலில் எதுவுமே கேஷில் சேரவில்லை, எல்லாம் ‘மிஸ்’ (நகல் இல்லை) என்றே வந்தது. தேடியதில், செட்-குக்கீ, கேஷ்-கன்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ் ஆகிய மூன்று ஹெட்டர்களையும் (பக்கத்தோடு வரும் குறிப்புகள்) கண்டுகொள்ளாதே என்று என்ஜினெக்ஸுக்குச் சொல்லும் ஒரு வரி எங்கோ கிடைத்தது. சேர்த்தேன். உடனே எல்லாம் ‘ஹிட்’, நகலிலிருந்தே போனது. மூன்று விநாடி 80 மில்லிவிநாடி ஆனது.

நேற்று ஆத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். ‘என் கணக்கு’ பக்கத்தைத் திறந்தால் வேறொரு அம்மாவின் பெயர் வருகிறதாம். முகவரிப் பக்கத்தைத் தொட்டால் அவர் வீட்டு முகவரியும்.

கேஷை அப்போதே நிறுத்தி, சேமித்த கோப்புகளை அழித்துவிட்டேன். விடுதிக்காரரிடம் சொன்னேன். அந்த அம்மாவை அழைத்து நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். நேற்று இரவு தூக்கமே இல்லை. கோடை விழாவுக்கு முன் வேகம் வேண்டும், ஆனால் இது இன்னொரு முறை நடக்கவே கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குரங்குச்சாவடி | வெள்ளி, இரவு 11.02

தம்பி, முதலில் ஒன்று. நிறுத்தியதும் சரி, அந்த அம்மாவிடம் நேரடியாகச் சொன்னதும் சரி. பலர் மூடி மறைத்துவிடுவார்கள்.

பிசகு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஒரு பதில் புதிதாகக் குக்கீ (பிரவுசரில் வைக்கும் அடையாளக் குறி) வைத்தால் என்ஜினெக்ஸ் தானாகவே அதைச் சேமிக்காது. கேஷ்-கன்ட்ரோலில் ‘பிரைவேட்’, ‘நோ-கேஷ்’, ‘நோ-ஸ்டோர்’ என்று இருந்தாலும் சேமிக்காது. கார்ட், பணம் கட்டும் பக்கம், என் கணக்கு ஆகிய மூன்றுக்கும் வூகாமர்ஸ் ‘சேமிக்காதே’ என்ற ஹெட்டரைத் தானே அனுப்புகிறது. அது கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தது. நீங்கள் சேர்த்த வரி அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டது.

அடுத்து, கேஷ் சாவி, அதாவது ஒவ்வொரு நகலையும் அடையாளம் காணும் பெயர். உங்கள் சாவியில் பக்கத்தின் இணைய முகவரியும் தளப் பெயரும் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். யார் கேட்கிறார் என்பது சாவியில் இல்லை. அந்த அம்மா லாகின் செய்து ‘என் கணக்கு’ திறந்தார், அந்தப் பக்கம் அவர் பெயரோடு சேமிக்கப்பட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் அதே முகவரியைக் கேட்ட எல்லோருக்கும் அதே நகல் போனது. ஆத்தூர்க்காரர் ஒருவர் அழைத்தார். அழைக்காமல் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அணுகல் பதிவேட்டில் தேடுங்கள். அந்த முகவரிக்கு வந்த கோரிக்கைகள் எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். செட்-குக்கீயைக் கண்டுகொள்ளாதே என்றால், சேமித்த நகலுக்குள் அந்தக் குக்கீயும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். அதை மறைக்கத் தனி வரி வேண்டும். அது இல்லையென்றால், ஒருவருடைய வூகாமர்ஸ் கார்ட் குக்கீ அந்தப் பக்கத்தைத் திறந்த எல்லோருக்கும் போயிருக்கும். ஒருவர் கார்ட்டில் போட்ட மிளகு இன்னொருவர் கார்ட்டில் தெரியும். லாகின் குக்கீ தப்பித்திருக்கும். அது போஸ்ட் (படிவம் அனுப்பும்) கோரிக்கைக்கு வரும் பதிலில்தான் வைக்கப்படும், போஸ்ட்டை என்ஜினெக்ஸ் வழக்கமாகச் சேமிப்பதில்லை. இருந்தாலும் இரண்டையும் செய்துவிடுங்கள்: வூகாமர்ஸ் கருவிகள் பக்கத்தில் வாடிக்கையாளர் செஷன்களை (ஒவ்வொருவர் வருகைக்கும் வைக்கும் பதிவுகளை) அழிக்கும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். பிறகு கான்ஃபிக் கோப்பில் உள்ள, லாகின் குக்கீயைக் காக்கும் ‘சால்ட்’ ரகசியச் சாவிகளை மாற்றுங்கள். எல்லோரும் ஒரு முறை வெளியேற்றப்படுவார்கள். பரவாயில்லை.

கேஷ் அமைப்பை நாளை காலை எழுதுகிறேன்.

ஐந்துரோடு | வெள்ளி, இரவு 11.20

இதற்கெல்லாம் ஒரு கேஷ் பிளகின் போட்டிருந்தால் போதாதா அண்ணா? நான் அதைத்தான் போடுகிறேன். கார்ட் பக்கங்களை அதுவே விட்டுவிடுகிறது.

குரங்குச்சாவடி | சனி, காலை 7.10

போதும், பல தளங்களுக்கு அதுவே நல்லது. வேர்ட்பிரஸில் ‘இந்தப் பக்கத்தைச் சேமிக்காதே’ என்று சொல்ல ஒரு மாறிலி உண்டு. வூகாமர்ஸ் அதையும் அறிவிக்கும், பிளகின்கள் அதைக் கேட்டு நடக்கும். என்ஜினெக்ஸுக்கு அந்த மாறிலி தெரியாது. அது பிஎச்பிக்கு வெளியே நிற்கிறது, ஹெட்டரையும் குக்கீயையும் மட்டுமே பார்க்கும். அதனால்தான் அதில் நாமே கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. பதிலுக்குக் கிடைப்பது என்னவென்றால், ஹிட் ஆனால் பிஎச்பியை எழுப்பவே வேண்டாம். இரண்டு ஜிபி விபிஎஸ்ஸில் இது பெரிய உதவி.

அடிவாரம் தம்பிக்கு அமைப்பு:

அந்த ‘கண்டுகொள்ளாதே’ வரியை எடுத்துவிடுங்கள். எடுத்தால் மறுபடி எல்லாம் மிஸ் என்று வரும், தெரியும். அப்போது கேட்க வேண்டியது, முகப்புப் பக்கம் ஏன் குக்கீ வைக்கிறது என்பதை. வழக்கமாக ஏதோ ஒரு பிளகின் எல்லாப் பக்கத்திலும் பிஎச்பி செஷன் தொடங்கும். செஷன் தொடங்கினாலே பிஎச்பி குக்கீயும் வைக்கும், ‘நோ-ஸ்டோர்’ ஹெட்டரும் அனுப்பும். அந்தப் பிளகினைக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் சரியான வைத்தியம்.

பிறகு விலக்குகள். கேட்பவரிடம் வேர்ட்பிரஸ் லாகின் குக்கீ இருக்கிறதா, கருத்து எழுதியவர் குக்கீ இருக்கிறதா, கடவுச்சொல் போட்ட பக்கத்தின் குக்கீ இருக்கிறதா, கார்ட்டில் பொருள் இருப்பதைச் சொல்லும் வூகாமர்ஸ் குக்கீ இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இருந்தாலும் கேஷைத் தொடக் கூடாது. கார்ட், பணம் கட்டும் பக்கம், என் கணக்கு, நிர்வாகப் பகுதி ஆகியவற்றை முகவரியாலும் விலக்குங்கள். குக்கீ ஒரு காவல், முகவரி இன்னொரு காவல். ஒன்று தவறினாலும் மற்றது நிற்கும்.

இதில் பலர் ஒரு பாதியை மறந்துவிடுகிறார்கள். ‘பைபாஸ்’ என்ற கட்டளை, சேமித்த நகலிலிருந்து எடுத்துக் கொடுக்காதே என்று மட்டும்தான் சொல்கிறது. சேமிக்காதே என்று சொல்வது ‘நோ கேஷ்’ என்ற வேறு கட்டளை. பைபாஸ் மட்டும் போட்டால், லாகின் செய்தவருக்குப் புதிய பக்கம் கிடைக்கும், ஆனால் அந்தப் பக்கம் கேஷில் போய்ச் சேர்ந்து அடுத்தவருக்குப் போகும். இரண்டையும் ஒரே நிபந்தனையோடு போடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் | சனி, காலை 8.45

இதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் முன்பு டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் நிரல் தளத்தில் வேலை செய்தேன், இப்போது வேர்ட்பிரஸ் போன்ற ட்ரூபலில். டாட்நெட் 7, 2022இல் வந்தபோது அதில் அவுட்புட் கேஷிங்கைப் புதிதாகக் கொடுத்தார்கள். அதன் இயல்பான விதிகளைப் பாருங்கள்: பக்கத்தைக் கேட்டு வாங்கும் கெட், ஹெட் கோரிக்கைகள் மட்டும், 200 (எல்லாம் சரி) என்ற பதில் மட்டும், குக்கீ வைக்கும் பதில் சேராது, லாகின் செய்தவரின் கோரிக்கை சேராது. ட்ரூபலில் உள் பக்கக் கேஷ் லாகின் செய்யாதவருக்கு மட்டும்தான். என்ஜினெக்ஸையும் சேர்த்துத் தொடர்பே இல்லாத மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே வேலியைப் போட்டிருக்கின்றன. அந்த வேலியைத் தாண்டச் சொல்லும் வரி எங்காவது கிடைத்தால், ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் நான் ஒட்டுவேன்.

மிளகுக்கொடி | சனி, காலை 9.30

நான் கணினி ஆள் இல்லை. மேலே ஏற்காட்டில் மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். என் தளத்தைச் செய்து கொடுத்தவர்களும் இந்தக் கேஷைத்தான் போட்டிருக்கிறார்கள். எனக்கு வேறு தொல்லை.

மே மாத வாடகையை மாற்றினேன். என் போனில் புது வாடகை தெரிகிறது. வந்த விருந்தினர் தன் போனைக் காட்டுகிறார், பழைய வாடகை! குழந்தைகளோடு மலையேறி வந்தவரிடம் வாசலில் வைத்து வாடகைக்கு வாதாட முடியுமா? பழைய வாடகைக்கே கொடுத்துவிட்டேன். செய்து கொடுத்தவர்களிடம் கேட்டால், “எங்களுக்குச் சரியாகத்தான் தெரிகிறது” என்கிறார்கள்.

வாடகையைவிட எனக்குப் பெரிய கவலை வழி அறிவிப்பு. மழையில் மண் சரிந்து மலைப்பாதையை மூடினால், குப்பனூர் வழியாக வாருங்கள் என்று தளத்தில் போடுவேன். அது எப்போது எல்லோருக்கும் தெரியும்? ஒருவர் அடிவாரம் வரை போய்த் திரும்பினால் அரை நாள் போய்விடும்.

குரங்குச்சாவடி | சனி, காலை 10.20

அம்மா, உங்களுக்குப் புதியது தெரிவதற்குக் காரணம், நீங்கள் தளத்தில் லாகின் செய்திருக்கிறீர்கள். லாகின் செய்தவருக்குக் கேஷ் கிடையாது. செய்து கொடுத்தவர்களுக்கும் அதே கதை. வாடகை மாற்றியதும் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து பாருங்கள், விருந்தினர் பார்ப்பதுதான் அதில் தெரியும். இந்தப் பழக்கம் ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்க்கும்.

மீதிப் பாதி அவர்கள் செய்ய வேண்டியது. நீங்கள் அறைப் பக்கத்தைச் சேமித்ததும் அதன் நகல் அழிய வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் அழிந்தால் போதாது. அதே வாடகை முகப்பில் இருக்கிறது, அறைகள் பட்டியலில் இருக்கிறது, ‘இதையும் பாருங்கள்’ என்ற பெட்டியில் இருக்கிறது. அவையும் அழிய வேண்டும். சின்னத் தளம் என்பதால், எதைச் சேமித்தாலும் முழுக் கேஷையும் அழி என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முப்பது பக்கம் மறுபடி உருவாக எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?

அடிவாரம் தம்பிக்கும் இது பொருந்தும். இலவச என்ஜினெக்ஸில் ஒரு முகவரியை மட்டும் அழிக்கும் வசதி உள்ளே கிடையாது. தனி மாட்யூல் சேர்க்க வேண்டும், அல்லது கோப்பையே அழிக்க வேண்டும். கோப்பின் பெயர் கேஷ் சாவியின் எம்டி5 (சாவியிலிருந்து கணக்கிடும் குறியீடு). அதைக் கணக்கிட்டு அழிக்கும் பிளகின்கள் இருக்கின்றன.

ஃபேர்லேண்ட்ஸ் | சனி, காலை 10.50

ட்ரூபலில் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2015இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு பக்கமும் எந்தெந்த உள்ளடக்கத்தால் ஆனது என்று குறிச்சொல் ஒட்டி வைத்துக்கொள்கிறது. 12ஆம் எண் அறையை மாற்றினால், அந்தக் குறிச்சொல் உள்ள பக்கங்கள் மட்டும் தானாகக் காலாவதியாகும். எந்தெந்தப் பக்கம் என்று நாம் பட்டியல் போட வேண்டாம்.

மிளகுக்கொடி அம்மா கேட்டதில் இன்னொரு பொறியும் இருக்கிறது, பிரவுசர் கேஷ். பக்கத்தின் கேஷ்-கன்ட்ரோலில் ‘மேக்ஸ்-ஏஜ்’ (நகலின் ஆயுள்) ஒரு மணி நேரம் என்று அனுப்பினால், அந்த நகல் விருந்தினரின் போனுக்குள் போய்விடும். சர்வரில் எத்தனை முறை அழித்தாலும் அந்தப் போனில் இருப்பதை நம்மால் எடுக்க முடியாது. அதனால் பக்கத்துக்கு மேக்ஸ்-ஏஜ் பூஜ்யம் வையுங்கள், நகலைச் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சிடிஎன் (நகல்களைப் பல ஊர் சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) இருந்தால் அதற்கென்று ‘எஸ்-மேக்ஸ்-ஏஜ்’ தனியாக உண்டு. படம், எழுத்துரு, ஸ்டைல் கோப்புகளுக்கு மட்டும் ஒரு வருடம்கூட வைக்கலாம், மாற்றும்போது பதிப்பு எண்ணை மாற்றினால் போதும். வழி அறிவிப்புள்ள பக்கத்தைப் போனில் தங்க விடவே கூடாது.

மிளகுக்கொடி | சனி, பகல் 12.05

மறைநிலைச் சாளரத்தில் பார்த்தேன். பழைய வாடகைதான் இருக்கிறது! இத்தனை நாளாக என் போன்தான் சரி என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு நீங்கள் எழுதியதை அப்படியே அனுப்பிவிட்டேன். அறை காலியா இல்லையா என்பதும் இப்படிப் பழையதாகத்தான் காட்டுமா?

குரங்குச்சாவடி | சனி, பகல் 12.30

காட்டும். அதைப் பக்கத்துக்குள் எழுதவே கூடாது. படம், விவரம், வாடகை எல்லாம் கேஷிலிருந்து வரட்டும். காலி அறை எண்ணிக்கையை மட்டும் பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பணம் கட்டும் நேரத்தில் சர்வர் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். இரண்டு குடும்பம் ஒரே அறைக்கு வந்து நிற்பதைத் தடுப்பது அந்தக் கடைசிச் சரிபார்ப்புதான்.

கொலுசுப்பட்டறை | சனி, மாலை 5.40

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுக் கடை. தளத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் எடை, சேதாரம், கூலி எல்லாம் சேர்த்து அன்றைய வெள்ளி விலையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். விலை மாறினால் எல்லாப் பொருள் பக்கமும் மாறும். விலையை ஏற்றியதும் முழுக் கேஷையும் அழிக்கிறேன். அந்த நிமிடமே சர்வர் திணறிப் போகிறது, ஐந்து நிமிடம் 502 பிழை வருகிறது. காலையில் விலை பார்க்க எல்லோரும் வரும் நேரமும் அதுதான். என்ன செய்யலாம்?

குரங்குச்சாவடி | சனி, மாலை 6.25

நகல் இல்லாத நேரத்தில் ஒரே பக்கத்தை ஐம்பது பேர் கேட்டால் ஐம்பது பிஎச்பி ஓடும். அதுதான் திணறல். ‘கேஷ் லாக்’ போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கோரிக்கை மட்டும் பிஎச்பிக்குப் போகும், மற்றவை அந்த நகலுக்காகக் காத்திருக்கும். காலாவதியான நகலைக் கொடுத்துக்கொண்டே பின்னால் புதியதை உருவாக்கும் வசதியும் உண்டு, ஆனால் நீங்கள் கோப்பையே அழித்துவிடுவதால் கொடுக்கப் பழைய நகல் இருக்காது. உங்களுக்கு அது உதவாது. உதவவும் வேண்டாம், பழைய வெள்ளி விலையைக் காட்டக் கூடாதே.

விலையை ஏற்றும் நேரத்தைக் கூட்டம் வருவதற்குக் கால் மணி முன்னால் வைத்துக்கொள்ள முடிந்தால், அழித்த கையோடு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எல்லாப் பொருள் பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கட்டும். ஒவ்வொன்றாக, ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம். வாடிக்கையாளர் வரும்போது நகல் தயாராக இருக்கும்.

ஐந்துரோடு | சனி, இரவு 8.15

எனக்கும் இரண்டு கேள்வி. ஒரு கிளினிக் தளத்தில் கேஷ் ஆயுள் இரண்டு நாள் வைத்தேன். நேரம் பதிவு செய்யும் படிவம் முதல் நாள் வேலை செய்கிறது, மறுநாள் பிழை என்கிறது. இன்னொன்று: காலை 6 மணிக்கு வெளியாக வேண்டும் என்று அட்டவணைப்படுத்திய அறிவிப்பு 9 மணி ஆகியும் வெளியாகவில்லை. நான் லாகின் செய்து பார்த்தவுடன் வெளியாகிவிட்டது!

குரங்குச்சாவடி | சனி, இரவு 9.00

நல்ல கேள்விகள். முதலாவது, நான்ஸ். படிவத்துக்குள் வேர்ட்பிரஸ் ஒரு பாதுகாப்புக் குறியை ஒளித்து வைக்கிறது. அதன் ஆயுள் 12 மணி முதல் 24 மணி வரைதான். பக்கம் இரண்டு நாள் கேஷில் கிடந்தால், செத்துப்போன குறியோடு படிவம் போகிறது. கேஷ் ஆயுளைப் பத்து மணி நேரத்துக்குக் கீழே வையுங்கள். நோயாளிகள் நேரம் கேட்கும் படிவம் என்பதால், நானாக இருந்தால் அந்த ஒரு பக்கத்தைக் கேஷிலிருந்து விலக்கிவிடுவேன்.

இரண்டாவது, வேர்ட்பிரஸின் கிரான் (குறித்த நேர வேலைகளை நடத்தும் பகுதி) யாராவது பக்கம் திறந்தால்தான் ஓடும். பக்கம் கேஷிலிருந்தே போனால் பிஎச்பி எழுந்திருக்காது, கிரானும் ஓடாது. நீங்கள் லாகின் செய்ததும் பிஎச்பி எழுந்தது, அறிவிப்பு வெளியானது. கான்ஃபிக் கோப்பில் வேர்ட்பிரஸ் கிரானை அணைத்துவிட்டு, சர்வரின் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை ஓட விடுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் | ஞாயிறு, காலை 9.10

இவ்வளவு பேசிவிட்டோம், எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. மூன்று விநாடி ஏன் ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேஷ் போட்டால் முகப்பு பறக்கும், பணம் கட்டும் பக்கம் அதே மூன்று விநாடிதான். காசு வரும் பக்கம் அதுதான். கார்ட்டில் மிளகு போட்டவுடன் வாடிக்கையாளர் கேஷை விட்டு வெளியே வந்துவிடுகிறார், மிக மெதுவான தளம் அவருக்குத்தான் கிடைக்கிறது. முதலில் பிஎச்பியின் ஓப்கேஷ் (நிரலைத் தயார் நிலையில் நினைவில் வைப்பது) இயங்குகிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் தானாக ஏற்றப்படும் வரிகள் எவ்வளவு பெரிதாகிவிட்டன என்றும் பாருங்கள். நீக்கிய பிளகின்கள் விட்டுப்போன குப்பை அங்கேதான் தேங்கும். அதன் பிறகு ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பை வைத்து ஆப்ஜெக்ட் கேஷ், அதாவது டேட்டாபேஸ் விடைகளின் நகல்.

குரங்குச்சாவடி | ஞாயிறு, காலை 9.40

ஒத்துக்கொள்கிறேன். வரிசையில் மட்டும் மாறுபடுகிறேன். கூட்டம் வாசலில் நிற்கும்போது முதலில் பக்கக் கேஷ், அதையும் சரியான விலக்குகளோடு. பொதுப் பக்கங்கள் பிஎச்பியை விட்டு இறங்கினாலே பணம் கட்டும் பக்கத்துக்கு மூச்சு கிடைக்கும். கூட்டம் ஓய்ந்ததும் நீங்கள் சொன்ன துப்புரவு.

அடிவாரம் | செவ்வாய், இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அணுகல் பதிவேட்டில் தேடினேன். ‘என் கணக்கு’ பக்கம் ஹிட் ஆக ஏழு முறை போயிருக்கிறது. நான்கு முறை அதே அம்மாவின் இணைப்புக்கு, மூன்று முறை ஆத்தூர்க்காரருக்கு. வேறு யாருக்கும் போகவில்லை. இருவரையும் மறுபடி அழைத்து இதையும் சொன்னேன். செஷன்களை அழித்தேன், சால்ட் சாவிகளை மாற்றினேன்.

எல்லாப் பக்கத்திலும் செஷன் தொடங்கியது முகப்பில் படம் நகர்த்தும் ஒரு பழைய பிளகின். அதற்கு எதற்கு செஷன் என்று புரியவில்லை, எடுத்துவிட்டேன். ‘கண்டுகொள்ளாதே’ வரி இல்லாமலே இப்போது முகப்பு ஹிட் ஆகிறது. பைபாஸ், நோ கேஷ் இரண்டுக்கும் ஒரே நிபந்தனை.

ஃபேஸ்புக் விளம்பரத்திலிருந்து வருபவர்களின் முகவரி வாலில் ஆளுக்கொரு குறி ஒட்டிக்கொண்டு வருவதால், அவர்கள் எல்லோரும் மிஸ் ஆனார்கள். கூட்டமே அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் குறிகளை மட்டும் கேஷ் சாவியிலிருந்து நீக்கினேன். தேதி, அறை எண் போன்ற உண்மையான அளவுருக்கள் சாவியில் அப்படியே இருக்கின்றன.

சோதனைக்கு இரண்டு போன், ஒரு மடிக்கணினி. ஒரு போனில் ஒரு கணக்கில் லாகின், இன்னொன்றில் வேறு கணக்கு, மடிக்கணினியில் யாருமில்லை. மூன்றிலும் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்து, பெயரும் கார்ட்டும் கேஷ் நிலை ஹெட்டரும் என்னவென்று தாளில் எழுதினேன். லாகின் போன்கள் இரண்டிலும் எல்லாம் பைபாஸ். மடிக்கணினியில் பொதுப் பக்கங்கள் ஹிட், கார்ட் பைபாஸ். வரிசையை மாற்றி இன்னொரு முறையும் செய்தேன். தளத்தில் எதை மாற்றினாலும் இந்தத் தாளை எடுத்து மறுபடி ஓட்டுவதாக விடுதிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

பணம் கட்டும் பக்கம் இன்னும் இரண்டரை விநாடி. ஃபேர்லேண்ட்ஸ் அண்ணா சொன்ன ஆப்ஷன்ஸ் அட்டவணையை நாளை திறக்கிறேன்.

மிளகுக்கொடி | புதன், காலை 6.50

என் தளத்திலும் மாற்றிவிட்டார்கள். நேற்று இரவு வழி அறிவிப்பை மாற்றிப் பார்த்தேன், என் தங்கை சேலத்திலிருந்து அவள் போனில் பார்த்து உடனே தெரிகிறது என்றாள். காலி அறை எண்ணிக்கை இன்னும் பழையபடிதான் இருக்கிறது, அதற்கு அடுத்த வாரம் என்கிறார்கள். அதுவரை “அறை இருக்கிறதா என்று அழைத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்” என்று மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.